தோப்பில் ஓட்டும் குவாட் பைக்: தீ எங்கிருந்து வருகிறது, எப்போது பார்க்க வேண்டும்

9 மார்ச் 2025, காலை. வாசகர் ஒருவரின் கேள்வி

அலங்காநல்லூர் பக்கம் எங்கள் தோப்பைச் சுற்றிவர பழைய 125 சிசி குவாட் பைக், அதாவது ஹேண்டில்பார் வைத்த நாலு சக்கர வண்டி ஒன்று வாங்கியிருக்கிறோம். சைனா வண்டி, கார்புரேட்டர், செயின். லீவுக்குப் பையன்கள் வந்தால் அவர்களும் ஓட்டுவார்கள். இந்த மாதிரி வண்டி தீப்பிடிக்கும் என்று மச்சான் பயமுறுத்துகிறார். எனக்கு நம்பிக்கை இல்லை. பைக் எஞ்சின்தானே? மதுரையில் எத்தனை பைக் ஓடுகிறது, எது எரிகிறது? எடுப்பதற்கு முன்னால் பெட்ரோல், ஆயில், பிரேக் பார்த்தால் போதாதா?

9 மார்ச், இரவு

போதாது. உங்கள் மச்சான் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

எஞ்சின் பைக் எஞ்சின்தான். அது உட்கார்ந்திருக்கும் இடம் வேறு. பைக் ரோட்டில் போகும்போது எஞ்சின் மேலும் சைலன்சர் மேலும் காற்று அடித்துக்கொண்டே இருக்கும், நாலு பக்கமும் திறந்த உடம்பு. குவாட் தோப்புக்குள் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் முக்கிக்கொண்டு போகிறது. சூடு அதிகம், காற்று குறைவு. மேலே அகலமான பிளாஸ்டிக் மட்கார்டு, கீழே கல் அடிக்காமல் இருக்க ஒரு தகடு. நடுவில் எஞ்சின், சைலன்சர் குழாய், பெட்ரோல் ட்யூப், ஒயரிங் எல்லாம் ஒரே கூட்டுக்குள். சக்கரம் வாரி அடிக்கிற சருகும் வைக்கோலும் அந்தக் கூட்டுக்குள்தான் போய் உட்காரும்.

இன்னொன்று, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது கொஞ்சமாவது காற்று இருக்கிறது. நிறுத்தியதும் அதுவும் போய்விடும். குழாயில் இருக்கிற சூடு பக்கத்தில் எது ஒட்டியிருக்கிறதோ அதற்குள் இறங்க ஆரம்பிக்கும். நாம் எடுக்கும் முன்னால் பார்க்கிறோம், தீ நிறுத்திய பிறகு வருகிறது. அதனால் ஓட்டி முடித்து இறங்கியதும் ஒரு பார்வை கட்டாயம்.

10 மார்ச்

"கண்ணால் பார்த்தீர்களா, இல்லை படித்ததா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பார்த்ததுதான்.

வாடிப்பட்டிக்குத் தெற்கே பெரியப்பா தோப்பில் இருக்கிற வண்டிகளை நான்தான் கவனித்துக்கொள்கிறேன். அறுவடை முடிந்த வயலுக்குள் குவாட்டை விட்டு வைக்கோல் கட்டு இழுத்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் வண்டியை மாமரத்தடியில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனோம். கொஞ்ச நேரத்தில் சீட்டுக்கு அடியிலிருந்து மெல்லிசாக வெள்ளைப் புகை. பெட்ரோல் நாற்றம் இல்லை, வைக்கோல்போர் எரிகிற வாசனை.

சாவி எடுத்து, பெட்ரோல் டேப்பை மூடி, நாலு பேர் சேர்ந்து வண்டியை வெறும் மண்ணுக்குத் தள்ளினோம். வாளித் தண்ணீர் ஊற்றி அணைத்து, ஆறிய பிறகு அடித்தகட்டைக் கழற்றினால், தகடு முழுக்க வைக்கோலும் செயின் ஆயிலும் மண்ணும் சேர்ந்து அடை மாதிரி படிந்து கிடக்கிறது. சைலன்சர் குழாய் தொட்ட இடம் கரி. அதைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குக் காப்பிப்பொடி நிறம். அதற்கு வெளியே சாதாரண வைக்கோல், பிய்த்தால் பச்சை வாசனைகூட வந்தது. ஒரு ஓரத்தில் கையை வைத்தால் இன்னும் சூடு. கிளறிவிட்டதும் சாம்பலுக்கு அடியில் சிவப்பாக ஒரு புள்ளி கண் விழித்தது. அதற்கு மேலே நாலு விரல் தூரத்தில் பெட்ரோல் ட்யூப் போகிறது.

வண்டியை வெளியே இருந்து பார்த்திருந்தால் சுத்தமாகத்தான் இருந்தது. காலையில் துடைத்த வண்டி.

10 மார்ச், மாலை

சூட்டைப் பற்றிக் கேட்டவருக்கு. எஞ்சினிலிருந்து வெளியே வருகிற குழாயின் முதல் சாண் தூரம், வண்டி முக்கி இழுக்கும்போது 300 டிகிரியைத் தாண்டும். காய்ந்த புல்லும் வைக்கோலும் அதை ஒட்டியே கிடந்தால் முதலில் கருகும், பிறகு கனலும். கனல் தீயாக மாற ஒரு காற்று போதும்.

பெட்ரோல் கணக்கு வேறு. மைனஸ் 40 டிகிரி குளிரிலேயே அதன் ஆவி ஒரு பொறி கிடைத்தால் பற்றிக்கொள்ளும், மதுரை வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாது. தரையில் தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். தகட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் நிற்கும்.

11 மார்ச்

இன்றோடு குரங்கணித் தீ நடந்து ஏழு வருடம். 2018 மார்ச் 11. போடிக்கு மேலே மலையேறிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தவர்கள் காய்ந்த புல் மேட்டில் தீக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். 20 பேருக்கு மேல் போய்விட்டார்கள். காயம்பட்ட பலரை நம் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். அதற்கும் குவாட் பைக்குக்கும் சம்பந்தம் இல்லை. மாசி, பங்குனி மாதத்தில் சரிவில் நிற்கிற காய்ந்த புல் பற்றினால் மனிதன் ஓடுகிற வேகத்தைவிடத் தீ வேகமாக ஏறும், அதை நினைவில் வையுங்கள் என்றுதான் எழுதுகிறேன்.

நேற்று ஒருவர் "சிறுமலைப் பக்கம் குவாட்டை ஏற்றலாமா, அழகர்மலை அடிவாரத்தில் வழி இருக்கிறதா" என்று கேட்டிருந்தார். வேண்டாம். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் எந்த வண்டியும் போகக் கூடாது. மேலூர் பக்கம் அரிட்டாபட்டியும் அப்படியே, 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம். இந்த வண்டிக்கு ரோட்டுப் பதிவும் கிடையாது, நத்தம் ரோட்டைக் குறுக்கே கடப்பதற்குக்கூட யோசிக்க வேண்டும். உங்கள் பட்டா நிலத்தில் ஓட்டுங்கள்.

13 மார்ச்

பெட்ரோல் லைன். நீளமாக எழுதுகிறேன், சைனா வண்டிக்காரர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

டேங்க்கிலிருந்து டேப், டேப்பிலிருந்து ஃபில்டர், ஃபில்டரிலிருந்து கார்புரேட்டர். இந்த மூன்று இடத்திலும் ட்யூப் நுனியை விரலால் பிடித்து வளைத்துப் பாருங்கள். வெடிப்பு நேராகப் பார்த்தால் தெரியாது, வளைத்தால்தான் வாய் திறக்கும். ட்யூப் கல் மாதிரி விறைத்திருந்தாலும் மாற்ற வேண்டும், தொட்டால் கொழகொழவென்று உப்பியிருந்தாலும் மாற்ற வேண்டும். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய மலிவு ரப்பர் எத்தனாலுக்குத் தாங்காது. வண்டியோடு வந்த ட்யூப் எந்தக் காலத்து ரப்பர் என்று யாருக்குத் தெரியும்? கடையில் கேட்கும்போது மீன் தொட்டிக்குப் போடுகிற, கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் ட்யூப் வாங்காதீர்கள். பெட்ரோலுக்கான ட்யூப் என்று மேலேயே அச்சடித்திருக்கும், எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்7 என்றோ ஆர்9 என்றோ. கார்புரேட்டர் வண்டிக்கு ஆர்7 போதும். இஞ்செக்‌ஷன் வண்டியில் லைனுக்குள் அழுத்தம் அதிகம், அங்கே ஆர்9.

கிளிப்பும் அப்படித்தான். ட்யூபைக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருக்கிற வண்டிகள் நிறைய வருகின்றன. கம்பி ரப்பரை அறுக்கும்.

கார்புரேட்டருக்குள் ஒரு மிதவை, அது தூக்குகிற ஒரு ஊசி. பெட்ரோல் நிறைந்ததும் அந்த ஊசி வரும் வழியை அடைக்கும். தூசி ஒன்று ஊசி வாயில் மாட்டினால் பெட்ரோல் நிற்காது, ஓவர்ஃப்ளோ ட்யூப் வழியாகச் சொட்டும். அந்த ட்யூப் எங்கே முடிகிறது என்று பாருங்கள். சைலன்சர் மேல் சொட்டும்படி தொங்கினால் இன்றைக்கே இழுத்து வேறு பக்கம் மாற்றிக் கட்டுங்கள்.

நிறுத்தியதும் பெட்ரோல் டேப்பை மூடுவது ஒரு நொடி வேலை. மூடினால் மேலே சொன்னதில் பாதி அபாயம் அங்கேயே நின்றுவிடும்.

14 மார்ச்

மேலே எழுதியதில் ஒன்று சேர்க்க வேண்டும். ஊசி பழுதான வண்டியில் பெட்ரோல் எப்போதும் வெளியே வராது. சில சமயம் உள்ளே, எஞ்சின் ஆயிலோடு போய்ச் சேரும். தரையில் ஒரு சொட்டு இருக்காது, வண்டி நல்லா இருக்கு என்று நினைப்போம். ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்தால், அல்லது நீங்கள் ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால், செல்ஃப் போடவே கூடாது. ஆயிலை மாற்றி, ஊசியைச் சரிசெய்த பிறகுதான் மற்றது.

16 மார்ச்

"நல்ல கம்பெனி வண்டி வாங்கினால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை" என்கிறார் உசிலம்பட்டி அண்ணன். நல்ல வண்டி வாங்குவது நல்லதுதான் அண்ணே. ஆனால் அமெரிக்காவில் போலாரிஸ் கம்பெனி 2016 ஏப்ரலில் ஆர்.இசட்.ஆர். 900, 1000 வண்டிகளில் ஏறக்குறைய 1,33,000-ஐத் திரும்ப அழைத்தது. காரணம் தீ. 160-க்கும் மேற்பட்ட தீ விபத்துகள் பதிவாகியிருந்தன. கவிழ்ந்து தீப்பிடித்த ஒரு வண்டியில் இருந்த 15 வயதுப் பிள்ளை இறந்துபோனது. தீ விபத்துகளை உரிய நேரத்தில் தெரிவிக்கவில்லை என்று 2018-இல் அந்த நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு 2.725 கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தார்கள். அவை ஹேண்டில்பார் வைத்த குவாட் இல்லை, ஸ்டியரிங் வைத்துப் பக்கத்தில் ஆள் உட்காருகிற வகை. ஆனாலும் எஞ்சினும் சூடும் பெட்ரோலும் ஒரே கூட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிற பிரச்சினை இரண்டுக்கும் பொது.

பெரிய கம்பெனி வண்டியில் ஒரு வசதி உண்டு. திரும்ப அழைத்தால் சேஸிஸ் நம்பரை வைத்து உங்கள் வண்டி அதில் வருகிறதா என்று கேட்கலாம். பெயர் தெரியாத வண்டிக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். நாம்தான் குனிந்து பார்க்க வேண்டும்.

20 மார்ச்

ஒயரிங். ராத்திரி தோப்புக் காவலுக்கு எல்.இ.டி. பார் லைட் மாட்டுகிறார்கள். 120 வாட் லைட் என்றால் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். நூல் மாதிரி ஒயரை பேட்டரியில் நேராக முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி, சேஸிஸ் ஓரமாக இழுத்துவிடுகிறார்கள். ஃபியூஸ் இல்லை. வண்டி குலுங்கக் குலுங்க ஒயர் தோல் தேயும், செம்பு சேஸிஸைத் தொடும், ஒயர் முழுக்கப் பழுக்கும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாணுக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ், அதைத் தாங்குகிற கனத்தில் ஒயர், லைட்டின் கரண்ட் சுவிட்ச் வழியாகப் போகாமல் இருக்க ஒரு ரிலே. இவ்வளவும் சேர்த்தாலும் பெரிய செலவு இல்லை. சின்ன எஞ்சினில் பேட்டரிக்குச் சார்ஜ் தருகிற கம்பிச்சுருள் அவ்வளவு கரண்டும் தராது, பேட்டரி இறங்கிக்கொண்டே போகும், அது தனிக் கதை.

எலி. கொட்டகையில் மாதக்கணக்கில் நின்ற வண்டியை எடுக்கும் முன் சீட்டைத் தூக்குங்கள். ஏர் ஃபில்டர் இருக்கிற ஏர் பாக்ஸுக்குள் தேங்காய் நார் கொண்டுவந்து கூடு கட்டி, பக்கத்திலேயே ஒயரையும் கடித்து வைத்திருக்கும். எரிவதற்கு வேண்டியதையும் பொறிக்கு வேண்டியதையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கிற ஜீவன். ஒயரில் அப்படி என்ன ருசியோ!

21 மார்ச்

ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சைப் பெட்ரோலில் அலசுகிற பழக்கத்தை விடுங்கள். ஈரத்தோடு மாட்டி ஸ்டார்ட் பண்ணும்போது எஞ்சின் பேக்ஃபயர் ஆகி, நெருப்பு ஏர் ஃபில்டர் பக்கம் திருப்பி அடித்தால் ஸ்பாஞ்சு பற்றும். சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, ஃபில்டர் ஆயில் தடவி மாட்டுங்கள்.

29 மார்ச்

தீயணைப்பு சிலிண்டர் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஏ.பி.சி. பவுடர் (வைக்கோல் மாதிரித் திடப்பொருள், பெட்ரோல், வாயு மூன்றின் தீக்கும் ஆவது), ஒரு கிலோ, ஐ.எஸ். 15683 என்ற இந்தியத் தர முத்திரை உள்ளது. கார்பன் டை ஆக்சைடு வெட்டவெளிக் காற்றில் கலைந்துபோகும்.

தண்ணீர் ஊற்றியதாக 10-ஆம் தேதி எழுதியதைப் படித்துவிட்டு எல்லாவற்றுக்கும் தண்ணீர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது வைக்கோல் கனல். பெட்ரோல் எரிந்தால் தண்ணீர் அதை மிதக்கவைத்துப் பரப்பும். அங்கே பவுடர், அது இல்லையென்றால் மண். அதுவும் ஆரம்பத்தில்தான். பிளாஸ்டிக் மட்கார்டு உருகிச் சொட்ட ஆரம்பித்துவிட்டால் வண்டியை விட்டுவிடுங்கள். ஆட்களை விலக்கி, பக்கத்தில் வைக்கோல்போர் இருந்தால் அங்கிட்டுப் பரவாமல் பாருங்கள், 101-ஐயோ 112-ஐயோ கூப்பிடுங்கள்.

2 ஏப்ரல்

சிலிண்டரை எங்கே வைப்பது என்பதில் எனக்கு இப்போது வேறு யோசனை. வண்டியின் பின் கேரியரில் மாட்டுவதுதான் வழக்கம். ஆனால் வண்டி கவிழ்ந்தால் சிலிண்டர் வண்டிக்கு அடியில். குலுங்கலில் உள்ளே பவுடர் இறுகிக் கட்டியாகவும் செய்யும். அழுத்தம் காட்டுகிற முள் பச்சையில் நின்றாலும் பவுடர் வெளியே வராமல் போகலாம். அதனால் வண்டியில் ஒன்று, வண்டி நிற்கிற இடத்துக்கு வெளியே, கதவு ஓரத் தூணில் ஒன்று என்று வைக்கலாம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் தூண்தான். வண்டியில் இருப்பதை அவ்வப்போது கழற்றித் தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள், பவுடர் உள்ளே நகர்கிறதா என்பது கைக்குத் தெரியும்.

6 ஏப்ரல்

பிள்ளைகள். கேள்வி கேட்டவர் "லீவுக்குப் பையன்கள்" என்று எழுதியிருந்தார், வயது சொல்லவில்லை. 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பெரியவர்கள் வண்டியில் ஏற்ற வேண்டாம் என்பதுதான் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவுரை. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. 125 சிசி ஒன்றும் பொம்மை இல்லை. ஒருவர் உட்காருகிற வண்டியில் பின்னால் தம்பியை ஏற்றிக்கொள்வதுதான் வரப்பில் கவிழ்வதற்குப் பாதிக் காரணம்.

கவிழ்ந்தால் முதலில் ஆளை வெளியே இழுங்கள். அப்புறம் சாவி. டேங்க் மூடியின் காற்றுத் துளை வழியாகப் பெட்ரோல் வழியும், அந்த நேரம் பார்த்துச் சைலன்சர் கொதிக்கும். நிமிர்த்தியதும் "ஓடுதா பார்ப்போம்" என்று செல்ஃபை அமுக்குவார்கள். அமுக்காதீர்கள். நிழலுக்குத் தள்ளி, டேப்பை மூடி, வாசனை போகும் வரை விடுங்கள். ஆயில் குச்சி, ஏர் பாக்ஸ் இரண்டையும் பார்த்த பிறகு ஸ்டார்ட் பண்ணலாம்.

சூட்டுக்காயம் பட்டால் ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம். மோட்டார் தண்ணீர் தோப்பில் இல்லாமலா இருக்கும்? பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேண்டாம். உள்ளங்கையைவிடப் பெரிய காயம், முகம், கை என்றால் 108. நைலான், பாலியஸ்டர் டிராக் பேன்ட் உருகித் தோலில் ஒட்டும். பருத்தி பேன்ட், ஷூ. துப்பட்டாவோடு பெண்பிள்ளைகளை ஏற்றவே கூடாது, செயினும் பின் அச்சும் திறந்து கிடக்கின்றன.

13 ஏப்ரல்

சைலன்சர் வாயில் பொறி தடுக்கும் வலை பற்றி. அமெரிக்காவில் தேசிய வனங்களுக்குள் ஓட்டுகிற வண்டிக்கு அது கட்டாயம். சில வண்டிகளில் வலை இருக்கும், கரி அடைத்திருக்கும். சத்தம் நன்றாக வரட்டும் என்று வலையைப் பிடுங்கிப் போட்ட பையன்களும் உண்டு. எஞ்சின் ஆறிய பிறகு கழற்றி ஒயர் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டுங்கள். ரேஸ் கொடுத்துக் கரியை ஊதித் தள்ளுகிற வழியும் உண்டு, அதைச் சிமெண்ட் தரையில் செய்யுங்கள். ஊதும்போது வருவது பொறிதான்.

27 ஏப்ரல்

பெட்ரோல் வைத்துக்கொள்வது. 1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டப்படி விற்பனைக்கு இல்லாமல் 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைத்திருக்கலாம். இருக்கலாம் என்பதற்காக வைக்க வேண்டாம். இந்த வண்டிக்கு ஐந்து லிட்டர் கேன் ஒன்று போதும். கூல் ட்ரிங்க்ஸ் பாட்டிலில் வைத்த பெட்ரோலைத் தாகத்தில் வாயில் வைத்த பிள்ளைகள் உண்டு, தீ அதற்கு அடுத்த கவலை. கேனில் பிடிக்கும்போது பைக் டேங்க் மேலோ ஆட்டோ சீட்டிலோ வைத்துப் பிடிக்காதீர்கள், தரையில் இறக்கி வைத்துப் பிடியுங்கள். சூடான வண்டியில் ஊற்ற வேண்டாம். புனல் தடுமாறி ஒரு கை அளவு சிந்தினால் சைலன்சர் பக்கம்தான் ஓடும்.

கேனும் வண்டியும் ஒரே கொட்டகையில் இருக்கக் கூடாது. அது வைக்கோல் கொட்டகையாகவும் இருந்தால் நான் சொல்ல வேண்டியதே இல்லை.

4 மே

கோடை லீவில் ரிசார்ட்டுகளில் பிள்ளைகளை ஏற்றுகிறார்கள், எதைப் பார்க்க வேண்டும் என்று விளாங்குடியிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். டிக்கெட் வாங்கும் முன் வரிசையில் நிற்கிற வண்டிகளுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். பெட்ரோல் நாற்றம் அடிக்கிறதா? வண்டிக்கு அடியில் ஈரத்தடம் இருக்கிறதா? ஒரு ஆள் இறங்கி அடுத்த ஆள் ஏறுவதற்குள் அங்கே வேலை செய்கிற தம்பி ஒரு தடவையாவது குனிந்து பார்க்கிறாரா? ஓட்டுபவர் மணிக்கட்டில் மாட்டுகிற கயிறு ஒன்று இருக்கும், விழுந்தால் அது பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும். அதை மாட்டிவிடுகிறார்களா, இல்லை நிரந்தரமாக வண்டியிலேயே கட்டிப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கட்டிப் போட்டிருந்தால் ஏற்றாதீர்கள், கொடுத்த காசு போனால் போகட்டும்.

பேட்டரியில் ஓடும் சின்ன குவாட் வீட்டுக்கு வாங்குவதாகவும் எழுதியிருக்கிறார். அதில் பெட்ரோல் இல்லை, சார்ஜரில்தான் கவனம் வேண்டும். வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறொன்றைச் செருக வேண்டாம், ராத்திரி முழுக்கப் போட்டுவிட்டுத் தூங்க வேண்டாம், வாசல் கதவை ஒட்டி நிறுத்திச் சார்ஜ் போட வேண்டாம். லித்தியம் பேட்டரி உப்பினாலோ, கவிழ்ந்து அடி வாங்கினாலோ சார்ஜ் ஏற்றாமல் வெளியே வெறும் மண்ணில் வைத்துவிட்டு வாங்கிய கடைக்குப் போன் போடுங்கள்.